காணா நீரைக் காத்தல்

கண்ணால் இடைவிடாது நோக்கிவருதலே கண்காணித்தல் எனப்படும். வயலைக் கண்காணிக்கலாம், ஏரிக்கரையைக் கண்காணிக்கலாம். மண்ணின் அடியில் மறைந்து செல்லும் நீரைக் கண்காணிப்பது எங்ஙனம்? தமிழ் பயிற்றுதலையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வினா நெடுநாள் இருந்தது. இராணிப்பேட்டையின் செய்தியை அறிந்தபோது விடை கிடைத்தது.

பாலாற்றை அடுத்த அவ்வூரில், தோல் பதனிடுதற்குரிய குரோமிய உப்புகளைச் செய்த ஆலை ஒன்று 1970-களில் தோன்றி, 1990-களில் மூடப்பட்டது. ஆலை நின்றது, அதன் தீங்கு நிற்கவில்லை. ஓர் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு வெட்டவெளியில் மேடாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்யுந்தோறும் குரோமியம் கரைந்து, மஞ்சள் நீராகி நிலத்துள் இறங்கிற்று. நிலத்தடி நீரின் நடை மிக மெல்லியது. ஆதலின், இன்று இறங்கும் நஞ்சு தொலைவிலுள்ள கிணற்றை அடையப் பல்லாண்டுகள் ஆகலாம். ஆலையைக் கண்டறியாத குழந்தை அந்நீரைப் பருக நேரிடும்.

இதனை முன்னரே அறிதற்குக் கழிவு மேட்டைச் சூழ ஆழ்துளைக் கிணறுகள் அமைப்பர். நீர் வரும் திசையில் ஒன்றும், செல்லும் திசையில் பலவும் வேண்டும். மேட்டைத் தீண்டாத நீரையும் தீண்டிய நீரையும் ஒப்பிட்டாலன்றிக் கேடு எங்கிருந்து வந்தது என்று துணிதல் இயலாது. முதற்கண் நீர்மட்டத்தை அளப்பர். மட்டங்களின் வேறுபாடே நீர் செல்லும் திசையைக் காட்டும். பின்னர், தேங்கிய பழைய நீரை இறைத்துவிட்டு, புதிதாக ஊறும் நீரையே புட்டியில் எடுப்பர். மழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் இவ்வாறு செய்து, நாளுடன் ஏட்டில் பதிவர். குடிநீர் 1 லிட்டரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. அஃதாவது, 1,000 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய இரண்டு அரிசி மணிகளின் எடை! இச்சிற்றளவைக் கண்ணும் நாவும் அறியா. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணற்க.

ஒரே சுவடியைக் கொண்டு மூலபாடத்தை முடிவு செய்தல் தகாது என்று என் ஆசிரியர் கூறுவார். ஒருநாள் எடுத்த நீரும் அத்தகையதே. கோடையில் குறைந்த அளவு மழைக்குப்பின் ஏறலாம். ஓராண்டில் தணிந்தது மறு ஆண்டில் மிகலாம். பல்லாண்டுக் குறிப்புகளை ஒருங்கு வைத்து நோக்கினால்தான் நஞ்சு வளர்கின்றதா, தேய்கின்றதா, எப்பக்கம் நகர்கின்றது என்பது புலனாகும். இடையில் விடுபட்ட ஆண்டுகள் செல்லரித்த ஏடுகள் போல்வன. அவற்றை மீண்டும் எழுத எவராலும் இயலாது.

மாணவச் செல்வங்களே! ஆலையைக் கட்டும் காலம் சிறிது. அதனால் கெட்ட நீரைக் காக்கும் காலம் பெரிது. உங்கள் ஊர்க் கிணற்று நீரின் நிலை எந்த ஏட்டில் பதியப்பட்டுள்ளது என்று பெரியோரை வினவுங்கள். பதிவு இல்லையாயின், அதனை இவ்வாண்டே தொடங்கச் செய்யுங்கள்.