பல்ப் 20 டாலர், கை நுழைய இடம் இல்லை

நம்முடைய ஆட்களில் பலர் கார் வாங்கிய நாளிலிருந்து பொனட்டைத் திறப்பது ஒரேயொரு காரியத்துக்காகத்தான்: கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர் ஊற்ற. மற்றதெல்லாம் கராஜ்காரரின் பொறுப்பு. உங்களில் சிலருக்கு இப்போதுதான் லைசென்ஸ் கிடைத்திருக்கும். சிலர் இன்னும் பழகிக்கொண்டிருப்பீர்கள். அதனால் இந்த முறை ஹெட்லைட் பல்ப் மாற்றுவது பற்றிக் கதைப்போம். ஒரு சின்னப் பல்ப் மனிதரை இவ்வளவு பாடுபடுத்துவது ஏன் என்றும் பார்ப்போம்.

போன ஜனவரியில் அம்மாவின் காரில் இடது பக்க லோ பீம் செத்துப்போனது. ஸ்கார்பரோவிலிருந்து அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுவா. அந்த மாதத்தில் டொரொன்டோவில் சூரியன் எட்டு மணிக்குக் கிட்டத்தான் எட்டிப்பார்க்கும். ஒன்ராறியோ சட்டப்படி, சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பிருந்து, உதித்து அரை மணி நேரம் கழியும்வரை முன்பக்கம் இரண்டு விளக்கும் எரிய வேண்டும். பொலிஸ் மறித்தால் தண்டப்பணம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. ஒற்றை விளக்கோடு இருட்டில் வருகிற காரின் மற்றப் பக்கம் எங்கே முடிகிறது என்று எதிரே வருபவருக்குத் தெரியாது.

கராஜில் கேட்டோம். "இந்த மொடலுக்கு பம்பரைக் கழற்ற வேணும், கூலி 140 டாலர்" என்றார்கள். பல்ப் 20 டாலர்தான். அம்மா பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறா.

"ஒரு பல்புக்கு என்ர ஒரு நாள் சம்பளமோ? நீ பார் தம்பி. மாஸ்டர்ஸ் படிச்சனி தானே."

படித்த பக்கம் எனக்குத் தெரியும். அது எச்11 வகை, 12 வோல்ட், 55 வாட். உள்ளே டங்ஸ்டன் இழை, சுற்றிலும் ஹாலஜன் கலந்த வாயு. சூட்டில் ஆவியாகிற டங்ஸ்டனை ஹாலஜன் பிடித்துத் திரும்ப இழையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால்தான் பல்பின் கண்ணாடி கறுப்பதில்லை. அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகும், பல்ப் சீக்கிரம் போய்விடும். கனடாவில் இன்னொரு விஷயமும் உண்டு. 1989 டிசம்பர் தொடக்கம் தயாராகும் புதிய கார்களில் பகலிலும் முன்பக்கம் விளக்கு எரிய வேண்டும் என்பது இங்கே விதி. அம்மாவின் கார் போலப் பல கார்களில் அந்தப் பகல் வேலையும் லோ பீம் பல்பின் தலையில்தான். இரண்டு ஷிப்ட் செய்தால் யாரும் களைத்துத்தான் போவார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் கை உள்ளே போகவில்லை. வலது பக்கத்தில் விளக்குக்குப் பின்னால் தாராளமாக இடம் இருக்கிறது. இடது பக்கத்தில் பட்டரி குந்திக்கொண்டிருக்கிறது. பட்டரிக்கும் விளக்குக் கூட்டுக்கும் நடுவே நான்கு விரல் போகும், முழங்கை திரும்பாது. கையேட்டில் இதற்கு மூன்றே வரிகள்: இணைப்பியின் பூட்டை அழுத்தி இழுக்கவும், பல்பைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பவும், வெளியே எடுக்கவும். அந்தப் பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. கையுறை போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கழற்றினால் மைனஸ் 11 பாகைக் குளிரில் இரண்டு நிமிடத்தில் விரலே தெரியாது.

அப்போது ஒரு வழி தோன்றியது. நல்லாய் எரிகிற வலது பக்க பல்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கழற்றிப் பூட்டினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தரம் செய்தேன். பூட்டு மேல்பக்கம் இருக்கிறது, பெருவிரலால் அழுத்த வேண்டும் என்று கை படித்துக்கொண்டது. ஆனால் இடது பக்கம் போனால், படித்த கைக்கும் இடம் வேண்டுமே. தேநீர் கொண்டுவந்த அம்மா, "தள்ளு பாப்பம்" என்று சட்டைக் கையை மடித்தா. எங்கே அழுத்த வேண்டும் என்று வலது பக்கத்தைக் காட்டிச் சொன்னேன். அம்மாவின் கை மணிக்கட்டுக்கு மேலேயும் போனது. 'டிக்' என்று ஒரு சத்தம், பழைய பல்ப் வெளியே வந்தது. புதியதை அடிப்பக்கம் பிடித்து அவவே பூட்டினா. முன்விளக்கு எரிந்தபோது நான் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் ஓடியவர். அந்தக் காருக்கு 7 அங்குல வட்ட விளக்கு. முன்னாலிருந்தே வளையத்தைக் கழற்றினால் விளக்கு கையில் வந்துவிடும். அமெரிக்காவிலும் 1940 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு வட்ட விளக்குத்தான் இருந்தது. பிறகு வேறு அளவுகள் வந்தாலும், அவையும் எல்லாருக்கும் பொதுவானவை. 1983இல் விதி மாறியது. பல்பை மட்டும் மாற்றினால் போதும், விளக்கு எந்த வடிவத்திலும் இருக்கலாம் என்றார்கள். காற்றைக் கிழித்துப் போகிற வடிவம், குறைந்த பெற்றோல், அழகான முகம் எல்லாம் கிடைத்தன. முன்பக்கத்து இடம் மட்டும் குறைந்துகொண்டே போனது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் விளக்கைப் பொருத்தும்போது உள்ளே பல்ப் ஏற்கெனவே இருக்கும். பம்பர் அதற்குப் பிறகுதான் வரும். கட்டுகிறவருக்கு அங்கே ஒரு தடையும் இல்லை. தடையெல்லாம் ஐந்து வருடம் கழித்துக் கழற்றப்போகிறவருக்குத்தான். என் மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். எழுதுகிறவர் ஒரு தரம் எழுதிவிட்டுப் போய்விடுவார். நடுச்சாமத்தில் அது விழும்போது எழுப்பித் திருத்துகிறவர் வேறு யாரோ.

இது மாற்ற முடியாத விதி இல்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றுகிற ஐ.நா. வாகன விதி 48, காரோடு வருகிற கருவிகளைத் தவிர வேறு விசேட கருவி இல்லாமல் சாதாரண பல்பை மாற்றக்கூடியதாக விளக்கைப் பொருத்த வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் இப்போது எல்.இ.டி. விளக்குகள் பெருகிவிட்டன. நீண்ட காலம் உழைக்கும், உண்மைதான். பழுதானால் பல கார்களில் முழு விளக்கையும் மாற்ற வேண்டி வரும்.

ஆகவே கார் வாங்கப் போகும்போது விற்பனையாளரிடம் பொனட்டைத் திறக்கச் சொல்லி, விளக்குக்குப் பின்னால் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். பல்ப் மாற்றுவதானால் எஞ்சினை நிறுத்தி, விளக்கை அணைத்து, ஆறவிட்டுத் தொடங்குங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கை போகவில்லையென்றால் உங்களுக்கு மூளை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கையை யோசிக்காமல் யாரோ வரைந்திருக்கிறார்கள்.

உங்களில் சிலர் நாளைக்கு எஞ்சினியர் ஆவீர்கள். காரோ, கட்டடமோ, கணினி நிரலோ, எதை வரைந்தாலும், இதைப் பிறகு கழற்றப்போகிற கை யாருடையது என்று அந்த மேசையிலேயே ஒரு தரம் கேளுங்கள். அது விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுகிற ஒருவரின் கையாக இருக்கலாம்.