பூங்குழலியின் படகு என்ன ஆனது?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, மெப்ஸில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. மழைக்காலம் முடிந்ததும் பள்ளிக்கரணையில் பூநாரை வந்திருக்கிறதா என்று பார்க்க பஸ் ஏறிவிடுவாள். மோட்டார் ஓடவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனுக்கு முன்னால் அவள் வந்து, "கண்டென்சர் போயிருக்கும் ஆன்ட்டி" என்பாள். பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். ரயில் பைத்தியம் வேறு. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றுகொண்டு, வருகிற எஞ்ஜின் என்ன ரகம் என்று எனக்குப் பாடம் எடுப்பாள். எனக்கு எல்லா எஞ்ஜினும் ஒன்றுதான்.

அவளையும் என்னையும் சேர்த்து வைத்தது 'பொன்னியின் செல்வன்'. 2022ல் சினிமா வந்தபோது பார்த்துவிட்டு வந்து, "கதை முழுசா வேணும்" என்று கேட்டாள். எங்கள் அம்மா கல்கி பத்திரிகையிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்த தொடர் அது. மணியம் படங்களோடு, நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரங்களோடு இருக்கும். ஒரு சமயத்தில் ஒரு பாகம்தான் கொடுப்பேன். செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொண்டு எடுத்துப் போவாள்.

எனக்குக் குந்தவை. முப்பத்து நாலு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு, ஆதுரசாலை நடத்துகிற இளவரசியைப் பிடிக்காமல் போகுமா? கல்யாணம் பண்ணிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக மாட்டேன் என்று பழையாறையிலேயே இருந்தவள். கதையில் மட்டுமில்லை, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் அவள் கொடுத்த கொடைகள் இருக்கின்றன. ஆயிரம் வருஷம் கழித்தும் ஒரு பெண் கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது.

மாடிப் பெண்ணுக்குப் பூங்குழலி. கோடியக்கரையில் தன்னந்தனியாகப் படகு விடுகிறவள். சரித்திரத்தில் இல்லாதவள், முழுக்கக் கல்கியின் கற்பனை. வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு விட்டவள். நடுக்கடலில் தத்தளிப்பவர்களைப் போய்க் காப்பாற்றுகிறவள். கதை முழுக்க ஆண்கள் கடலைக் கண்டு திகைக்கும்போது, இவளுக்கு மட்டும் அது வீட்டுத் தெரு மாதிரி.

ஐந்தாம் பாகத்தை முடித்துவிட்டு வந்த அன்று அவளுக்கு முகம் சரியில்லை. "ஆன்ட்டி, சேந்தன் அமுதனைக் கட்டிக்கிட்டா. சரி, நல்லவன்தான். அவன் ராஜா ஆயிட்டான், இவ ராணி ஆயிட்டா. அதுவும் சரி. அப்புறம் அந்தப் படகு என்னாச்சு?" என்றாள்.

அந்தப் பக்கங்களை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அம்மாவும் படித்திருக்கிறாள். இப்படி ஒரு கேள்வி எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை. ஓடக்காரப் பெண் பட்டத்து ராணி ஆனாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இவளுக்கு அது நஷ்டக் கணக்காகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் படித்த கதாநாயகிகளையெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம். 'சிவகாமியின் சபதம்' சிவகாமி எத்தனை பெரிய நாட்டியக்காரி! கடைசியில் ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுத்துவிடுகிறாள். ஜெயகாந்தனின் கங்கா படித்தவள், ஆபீசில் நல்ல உத்தியோகம். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். லட்சுமி நடித்துப் படமும் வந்தது, அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் கங்காவுக்குக் கிடைத்த முடிவு என்ன? குடி, அடுத்த நாவலில் கங்கை நதி. மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண் ஒரு காரில் ஏறியதில்தானே எல்லாம் ஆரம்பிக்கிறது. இதை நான் சொன்னதும் மாடிப் பெண் யோசித்துவிட்டு, "அன்னைக்கு பஸ் நேரத்துக்கு வந்திருந்தா கதையே இல்லையே ஆன்ட்டி" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால்தான் இவளால் வீட்டில் காசு கேட்காமல் பூநாரை பார்க்கப் போக முடிகிறது. கோட்பாடு பேசுகிறவர்கள் பேசட்டும். பஸ் வருவதும் வராததும் ஒரு பெண்ணின் கதையை மாற்றும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'லிட்டில் விமன்' படத்தை அவள் போனில் காட்டினாள். நாவல் 1868ல் வந்தது. அதில் ஜோ என்கிற பெண் எழுத்தாளராக வேண்டும் என்று துடிப்பவள், கல்யாணத்தில் நாட்டமில்லாதவள். அதை எழுதிய லூயிசா மே ஆல்காட் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் யாருக்கு யாரோடு கல்யாணம் என்று வாசகிகள் கடிதம் எழுதித் தொல்லை கொடுக்க, அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவுக்கும் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். எழுதினவரே தப்பித்துக்கொண்டார், பாவம் ஜோவால் முடியவில்லை!

இதெல்லாம் அரட்டை என்று நினைக்காதீர்கள். மாடி வீட்டில் இந்தக் கேள்வி நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அவளுக்கு ரயில் ஓட்ட வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சைக்குப் படிக்கிறாள். 2024ல் நாடு முழுவதும் 18,799 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது எழுதினாள், முதல் கட்டத்திலேயே போய்விட்டது. 2025ல் 9,970 இடங்களுக்கு மறுபடி அறிவிப்பு. மறுபடி விண்ணப்பம் போட்டாள். கம்ப்யூட்டரில் இரண்டு கட்டப் பரீட்சை, அப்புறம் கவனமும் வேகமும் பார்க்கிற ஒரு தனிச் சோதனை. அதில் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 வாங்கியாக வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் வெளியே. எல்லாம் தாண்டினால் ஏ-ஒன் மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் சிக்ஸ் பை சிக்ஸ் இருக்க வேண்டும். லேசர் செய்துகொண்ட கண்ணும் ஆகாது. இது தெரிந்ததிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருதடவை கண் டாக்டரிடம் போய்விட்டு, சீட்டைக் கொண்டு வந்து என்னிடம் காட்டுவாள். நர்ஸிடம் காட்டினால் ஒரு திருப்தி.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931ல். பம்பாய்க்கு அடுத்தபடியாக இந்தியாவில் நம்ம தாம்பரம் லைன்தான். அன்றிலிருந்து நம் பெண்கள் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து பூக்கட்டி, கீரை ஆய்ந்து, பரீட்சைக்குப் படித்து, வேலைக்குப் போய் வந்திருக்கிறோம். ஆனால் எஞ்ஜின் அறையில் ஒரு பெண் உட்கார 1980களின் கடைசி ஆக வேண்டியிருந்தது. மகாராஷ்டிராவின் சுரேகா யாதவ்தான் முதல் பெண் டிரைவர். பிறகு பலர் வந்துவிட்டார்கள். ஆனாலும் எஞ்ஜினில் கழிப்பறை வசதி வைக்க வேண்டும் என்பதே நெடுங்காலமாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கை. இதைக்கூட அவளே விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் இறங்கியிருக்கிறாள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அப்பா இல்லாத பெண், ஒரே வருமானம், வயது ஏறுகிறது. போன தை மாதம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வீட்டில் வந்து பார்த்தார்கள். பையனுக்கு நல்ல வேலை. பெண்ணையும் பிடித்துவிட்டது. "இப்ப பார்க்கிற வேலைக்கே போகட்டும், ரயில் வேலையெல்லாம் வேண்டாம், ராத்திரி டியூட்டி ஒத்துவராது" என்றார்கள். இவள், "நான் இப்பவே நைட் ஷிப்ட்தாங்க பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதோடு சம்பந்தம் நின்றது.

அன்று ராத்திரி அந்த அம்மா கீழே வந்து அழுதாள். "நீங்களாவது சொல்லுங்கக்கா, உங்க பேச்சைக் கேப்பா" என்றாள். நான் என்ன சொல்வது? நானே முப்பத்து நாலு வருஷம் மாதாமாதம் நைட் டியூட்டி பார்த்தவள். அந்த வேலைதான் இந்த வீட்டைக் கட்டியது. அதைத்தான் சொன்னேன். "பொண்ணு ராத்திரியில வெளிய இருக்கிறது பயம்தான். ஆனா ஆஸ்பத்திரியில ராத்திரி யாரும் இல்லேன்னா நோயாளி என்ன ஆவான்? ராத்திரி ரயிலை யாரோ ஒருத்தர் ஓட்டித்தானே நீ திருச்சிக்குப் போற?" என்றேன். அவள் சமாதானமாகவில்லை. ஆனால் அழுகை நின்றது.

இந்த ஊரில் வாழ்ந்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் தாம்பரத்தில் இருந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. 'கரிப்பு மணிகள்' எழுதத் தூத்துக்குடி உப்பளத்துக்கே போய்த் தொழிலாளிகளோடு பழகினார். நீலகிரி படகர்களைப் பற்றி எழுத மலைக்குப் போனார். சம்பல் கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுத அங்கேயும் போனார். 2009ல் அவர் உயிரோடு இருக்கும்போதே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. கடைசிக் காலம் முதியோர் இல்லத்தில் கழிந்தது, 2014ல் காலமானார். கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்பார்கள். நடுவில் அவர் போய் வந்த தூரத்தை யார் அளப்பது?

நான் சொல்ல வந்தது இதுதான். நம் கதைகளில் பெண்களை நடுப்பக்கங்களில் சுதந்திரமாக விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலம் அப்படி. ஆனால் படிக்கிற பெண்கள் கெட்டிக்காரிகள். நடுப்பக்கத்தை எடுத்துக்கொண்டு முடிவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் அம்மா அந்தப் பக்கங்களைச் சேர்த்து வைத்ததும், பூங்குழலி ராணியானதற்காக இருக்காது. அந்தப் படகுக்காகத்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் எதையாவது விழுந்து விழுந்து ரசித்தால், வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். எந்தக் கதாநாயகி பிடிக்கும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் பிடிக்கும் என்றும் கேளுங்கள். அவள் என்ன ஆக நினைக்கிறாள் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும்.

மாடிப் பெண்ணுக்கு இடம் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிற பரீட்சை. இந்த ஒரு தடவை முழுசாக எழுதி முடிக்கட்டும், முடிவு வரட்டும் என்று அவள் அம்மாவிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். அதுவரை ஜாதகம் பீரோவிலேயே இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.