தரங்கம்பாடி: அலை பாடும் ஊரா?

வேளாங்கண்ணித் திருப்பயணத்தின்போது, பங்கு மக்களுடன் தரங்கம்பாடிக் கடற்கரையில் சற்று இளைப்பாறினோம். "அலை பாடுவதால்தானே சாமி, இவ்வூருக்கு இந்தப் பெயர்?" என்றான் உடன் வந்த சிறுவன். நாம் வாய் திறக்கவில்லை. நவநாள் மறையுரை ஒன்றில் அவ்வாறு கூறியவர் வேறெவருமல்லர், நாமேதாம்.

தரங்கம் என்னும் வடசொல்லுக்கு அலை என்பது பொருள். ஆனால் பாடி என்பதற்கும் பாடுதலுக்கும் உறவில்லை. பாடி என்றால் குடியிருப்பு. ஆயர்பாடி ஆயர் வாழ்ந்த இடம் (நம் மேதகு ஆயரை நினைக்க வேண்டா, ஆநிரை மேய்ப்போர்). காட்பாடியில் காடு பாடவில்லை!

இன்னுமொன்று. 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இவ்வூரைச் 'சடங்கன்பாடி' என்றே குறிக்கிறது. அப்பெயரில் அலைக்கு இடமேயில்லை. 1620இல் தஞ்சை நாயக்கரின் இசைவு பெற்று வந்திறங்கிய டேனியர் இதை 'டிராங்கேபார்' என்றழைத்தனர். அதற்குள்ளாகவே தரங்கம் பெயரில் ஏறிவிட்டது போலும்.

எதிரே மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் அரித்துச் சென்றுவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் இதே அலை ஊருக்குள் புகுந்து பல உயிர்களைக் கவர்ந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த மீனவத் தாயிடம், 'உங்கள் ஊரில் அலை பாடுகிறது' என்று எந்த நாவால் உரைப்பது? நாமோ கடலைப் பாராமல், பலிபீடத்தருகே நின்று உரைத்தோம்.

பேருந்தில் சிறுவனை அருகே அமர்த்தி, நாம் சொன்னது பிழை என்றோம்.

"அப்படியானால் பாடி என்றால் என்ன, சாமி?"

"வீடுகள்" என்றோம்.

அவன் திரும்பிக் கரையோர வீடுகளைப் பார்த்தான்.