கோஸ்பாட் குன்றில் ஒரு பகல்

மும்பையிலிருந்து மேற்கு ரயில் பாதையில் வடக்கே செல்லும் நம்மவர் பெரும்பாலும் சூரத்துக்கோ அகமதாபாத்துக்கோ செல்பவர்களே. வழியில் தஹானு ரோடு நிலையத்தில் இறங்கியதாகச் சொல்லும் தமிழன்பர் ஒருவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. நாமும் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்தில் அந்நிலையத்தின் பெயரை எழுதி வருகிறோமேயன்றி, சப்போட்டாப் பழம் வரும் ஊர் என்பதற்கு மேல் அதைப்பற்றி அறிந்தோமில்லை. சென்ற தை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் குடும்பத்துடன் அங்கே செல்லும்படி நேர்ந்தது. அதற்குக் காரணம் எம் மகள்.

குழந்தைக்கு அப்போது மூன்றரை வயது. குடியிருப்புக்கு அண்மையிலுள்ள ஓர் ஆங்கிலப் பாலர் பள்ளியில் அவளைச் சேர்க்க விழைந்து விண்ணப்பம் வாங்கினோம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. “மூன்றரை வயதுக்குத் தேர்வா?” என்று ஊரிலிருந்த எம் தாயார் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வு நாளன்று ஓர் அம்மையார் வண்ணப் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அவற்றின் நிறத்தை ஆங்கிலத்தில் வினவினார். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் எம் மகளுக்குத் தமிழில் நன்றாகத் தெரியும். தெருப் பிள்ளைகளோடு ஆடி ஆடி மராத்தியிலும் பாதி தெரியும். அன்று அவள் வாய் திறக்கவேயில்லை. “குழந்தை இன்னும் ஆயத்தமாகவில்லை, ஆறு மாதம் கழித்து அழைத்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் நாம் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. பட அட்டைகள் ஒரு கட்டு வாங்கி வந்து, இரவுதோறும் பணி முடிந்ததும் குழந்தையை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கலானோம். நாம் பத்தாம் வகுப்புத் தேறியதோடு நின்றோம். மேலதிகாரி ஆங்கிலத்தில் ஏதேனும் வினவ, விடை நெஞ்சில் இருந்தும் நாவுக்கு வராமல் நின்ற நாட்கள் பல. அந்த நிலை மகளுக்கு வரலாகாது என்பதே எண்ணம். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், வாசலில் எம் காலணி ஓசை கேட்டதும் குழந்தை கட்டிலுக்கு அடியில் சென்று ஒளிந்துகொண்டாள். முன்பெல்லாம் அதே ஓசை கேட்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்பவள்.

இதை உடன் பணிபுரியும் மராத்திய நண்பரிடம் சொல்லி வருந்தினோம். அவர் தஹானுப் பக்கத்தவர். “அண்ணா, வஹினியையும் குழந்தையையும் ஒருமுறை எங்கள் கோஸ்பாடுக்கு அழைத்து வாருங்கள். படிக்க அல்ல, பார்க்க” என்றார். ‘வஹினி’ என்றால் மராத்தியில் அண்ணியார்.

தாதரில் மின்வண்டி ஏறினோம். 2013ஆம் ஆண்டிலிருந்து புறநகர் வண்டிகள் தஹானு ரோடு வரை செல்கின்றன. விரார் கழிந்ததும் நெரிசல் குறைந்து, ஜன்னலுக்கு வெளியே வானம் தெரியத் தொடங்கும். வைதர்ணா ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் குழந்தை இரு கைகளையும் தட்டினாள். பிறகு பால்கர், போயிசர், வான்காவ். மேற்கே கடலோரத்துத் தோப்புகளும், கிழக்கே நீல மலைத் தொடரும் உடன் வந்தன. தஹானுவில் இறங்கி, தோளோடு தோள் நெருங்கி ஒரு பகிர்வு ஆட்டோவில் அமர்ந்து குன்றை அடைந்தோம்.

கோஸ்பாட் பெரிய மலையன்று. திருத்தணிக் குன்றைப் போன்றதென எண்ணிச் சென்ற நம் மனைவியார், “இவ்வளவுதானா?” என்றார். சரிவெங்கும் மரங்கள், அங்கங்கே வார்லி பழங்குடி மக்களின் வீடுகள். செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்து வெள்ளைக் கோடுகளால் மனிதரும் மாடும் மரமும் ஆடுவதுபோல் தீட்டியிருக்கிறார்கள். நம் வாசல் கோலம் சுவரேறி நிற்பதுபோல் தோன்றியது.

இக்குன்றின் சிறப்பை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா வழக்கறிஞர் தொழிலை விட்டுப் பாவ்நகரிலுள்ள தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் 1916இல் சேர்ந்தார். 1920இல் அங்கே சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பால மந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரி அம்மையாரின் நூலைப் படித்து எழுந்த ஆர்வம் அது. அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியது 1939இல்தான் என்பதை நினைத்தால், பத்தொன்பது ஆண்டு முந்திக்கொண்ட அந்த வழக்கறிஞரை வணங்கத் தோன்றுகிறது. பிள்ளைகளை அடித்தலும் அச்சுறுத்தலும் கூடாது என்பதில் உறுதியாக நின்றவர். குழந்தைகளுடன் கதை சொல்லித் திரிந்த அவரை மக்கள் ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தனர்.

அவருடன் சேர்ந்து பணியாற்றியவர் மும்பையில் பிறந்த தாராபாய் மோடக் அம்மையார். இவர் 1936இல் தாதரில் ‘சிசு விஹார்’ என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். நாள்தோறும் நம்மில் எத்தனையோ பேர் வண்டி மாறும் அதே தாதர்! நகரத்துக் குழந்தைகளோடு நின்றுவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1945இல் தஹானுவுக்கு அப்பால் கடற்கரையிலுள்ள போர்டி கிராமத்துக்குச் சென்றார். பள்ளி திறந்தும் பழங்குடிப் பிள்ளைகள் வரவில்லை. கால்நடை மேய்க்கவும், தம்பி தங்கையரைத் தூக்கிக் காக்கவும் அவர்கள் வேண்டியிருந்தது. வராத பிள்ளைகளைக் குறை கூறுவதே உலக வழக்கம். இவர் பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனார். முற்றத்துக்கு மராத்தியில் ‘அங்கண்’ என்று பெயர். அங்கன்வாடி என்னும் சொல் பிறந்த கதை இது.

1957 அளவில் அப்பணி கோஸ்பாட் குன்றுக்கு ஏறியது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது. அதற்குக் ‘குரண்சாலை’ என்று பெயர். கைக்குழந்தைக் காப்பகமும் பாலர் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் ஓரிடத்தில் அமைந்தன. தம்பியைத் தூக்கி வரும் அக்காள், அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தான் வகுப்பில் அமரலாம். இதைவிட எளிய, இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நாம் கேள்வியுற்றதில்லை.

தாராபாய்க்கு வலக்கையாக இருந்தவர் அனுதாயி வாக். பதின்மூன்றாம் வயதில் மணமாகி, ஆறு மாதத்தில் கைம்மை எய்தியவர்; பின்னர் படித்து ஆசிரியையானவர். 1945இல் போர்டிக்கு வந்தவர், 1992இல் கண் மூடும்வரை இப்பணியை விடவில்லை. விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாக இவர்கள் கையாண்டவை கூழாங்கல், விதை, இலை, கிளிஞ்சல். பாடத்துக்கு முன்னே குழந்தைகளைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, தலை வாரினார்கள்.

நண்பர் எம்மை அழைத்துச் சென்றது குன்றின் அடியில் உள்ள ஒரு சிற்றூரின் அங்கன்வாடிக்கு. ஒரே அறை, தகரக் கூரை, முன்னே சாணம் மெழுகிய முற்றம். இருபது குழந்தைகள் இருக்கலாம். பொறுப்பேற்றிருந்த பெண்மணியை எல்லாரும் ‘தாயி’ என்று அழைத்தனர். மராத்தியில் அச்சொல்லுக்கு அக்காள் என்பதே பொருள். நம் காதில் வேறாக விழுந்தது, அதுவும் பொருத்தமாகவே இருந்தது. சிலர் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்தனர். சிலர் இலைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினர். ஒரு சிறுவன் பெரிய இலையை நடுவில் வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தாயி திருத்தவில்லை. அவனே எடுத்துக் கடைசியில் வைத்தான். நாமாயிருந்தால் முதல் நொடியிலேயே கையைப் பிடித்து மாற்றியிருப்போம்.

எம் மகள் தாயாரின் சேலைக்குள் முகம் புதைத்து நின்றாள். தாயி அவளை அழைக்கவில்லை. ஓர் இலையை மட்டும் தரையில் அவளருகே வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் குழந்தை அதை எடுத்து, “பச்சை” என்றாள். தாயி திரும்பி, “பச்சை?” என்று கேட்டு, “ஹிர்வா!” என்று தம் மொழியில் சொன்னார். அவ்வளவுதான், இருபது வார்லிக் குழந்தைகளும் “பச்சை, பச்சை” என்று கூவத் தொடங்கினர். தன் சொல்லை ஊரே சொல்வதைக் கேட்ட மகிழ்ச்சியில் எம் மகள் சிவப்புப் பூவைக் காட்டினாள், மஞ்சள் பூவைக் காட்டினாள். அரை மணியில் அவள் மூன்று மராத்திச் சொற்கள் கற்றாள். அவர்கள் மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றனர். நம் மனைவியார் எம்மை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு விடை சொல்ல எமக்கு இயலவில்லை.

எல்லா இடமும் இப்படியே என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய அரசுத் திட்டம் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக நாடெங்கும் பரவியிருக்கிறது. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், தாய்மார்க்கு அறிவுரை, இவற்றோடு குழந்தைக் கல்வி. அத்தனையும் ஒரு பெண்ணின் தலைமேல், அதுவும் சம்பளம் என்ற பெயரின்றி மதிப்பூதியத்துக்கு. பதிவேடும் கைபேசிக் கணக்கும் முடிந்தபின் எஞ்சும் நேரமே கதைக்கும் பாட்டுக்கும். தம் சொந்த ஊரில் கிச்சடி பங்கிடுவதோடு கதவு சாத்தப்படுவதாக நண்பரே ஒப்புக்கொண்டார். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்வதாக 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அப்பருவத்தைப் பேணுவோருக்கு நாடு அளிக்கும் ஊதியத்தை எண்ணினால், பார்சல் எழுதும் எமக்கே வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் வண்டியில் மனைவியார், “ஏங்க, அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டீர்களா?” என்றார். இல்லை என்றோம். “நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பால்வாடி இருக்கிறதே, திங்கட்கிழமை நான் போய் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். அங்கே குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், கட்டடத்தை அல்ல” என்றார். எமக்குள் இன்னும் அச்சம் இருந்தது. ஆங்கிலம் பிந்திவிடுமோ என்றோம். “அவள் பேசுவதே பிந்தியிருக்கிறதே, உங்களால்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் அந்தப் பால்வாடிக்குச் செல்லத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. பட அட்டைகளைக் கவிழ்த்துப்போட்டு, அவற்றின்மேல் தாயி கொடுத்தனுப்பிய புளியங்கொட்டைகளை அடுக்குகிறாள். மாலையில் நாம் வாசலில் காலணியைக் கழற்றும்போது உள்ளே இன்னமும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் மட்டும் போவதில்லை.