வழுக்கியாறும் இரண்டு தூண்டிற் கம்புகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு உண்டா என்று வகுப்பிலே கேட்டால், மாணவருட் பாதிப்பேர் இல்லையென்று தலையசைப்பர். மற்றப் பாதிப்பேர் வழுக்கியாற்றின் பெயரைச் சொல்லிவிட்டுத் தாமே சிரிப்பர். அச்சிரிப்பில் நியாயமும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் படுக்கையிலே மாடுகள் மேய்கின்றன, பிள்ளைகள் பந்தடிக்கின்றனர். ஆயினும், மாரி பிறந்து வானம் மனமிரங்கினால், சில வாரங்களுக்கு அது மெய்யாகவே ஆறாகி விடுகிறது. அந்தச் சில வாரங்களுள் ஒரு நாளைத் தெரிந்து, அதிலே ஓடம் விட்டுத் தூண்டில் போடவேண்டும் என்று இவ்வாண்டு நாம் திட்டமிட்டோம். அத்திட்டம் எங்கே தொடங்கி எப்படி உருமாறியது என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தொடக்கம் ஒரு தொலைபேசி அழைப்பு. எமது தமையனார் கனடாவில் வாழ்கிறார். 1989 ஆம் ஆண்டில் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது இருபது, எமக்குப் பத்து. 2011 இல் எம் தந்தையார் காலமானபோதும் அவரால் வர இயலவில்லை. இப்போது ஒருவாறு விடுமுறை கிடைத்திருக்கிறது.

“மார்கழியிலை மூண்டு கிழமை நிக்கிறன், தம்பி. வழுக்கியாத்திலை ஒருக்காப் போகவேணும். வெள்ளம் நிக்குமோ?” என்றார்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கோயிலைப் பற்றியும் கேட்கவில்லை. ஆற்றைத்தான் கேட்டார். காற்றடைத்து விரிக்கும் ஓடமொன்றும், துடுப்புகளும், இரண்டு தூண்டிற் கம்புகளும் வாங்கிவிட்டதாகப் படமும் அனுப்பியிருந்தார்.

இவ்வாற்றின் இயல்பை அறியாதார்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்த தட்டையான நிலம். பெய்யும் மழையிற் பெருமளவு கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, எங்கள் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. ஆகையால் நிலத்தின்மேல் ஆறு ஓடுதல் இங்கே அருமை. அவ்வருமையான ஒன்றே வழுக்கியாறு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தைக் கூட்டிக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் வயல்களையும் குளங்களையும் தொட்டு, அராலியில் யாழ்ப்பாணக் கடனீரேரியை அடைகிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மகாவலியைக் கண்டவர்க்கு இது வாய்க்கால். எமக்கோ இதுவே கங்கை.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் சைக்கிளில் ஏறி வழிபார்க்கப் புறப்பட்டோம். முழு ஆற்றையும் ஓடத்திற் கடப்பது ஆகாத காரியம் என்பது அன்றே விளங்கிற்று. தெருக்கள் குறுக்கிடும் இடமெல்லாம் மதகுகள். வெள்ளம் பெருகினால் மதகின் கீழே தலை நுழையாது. வற்றினால் ஓடம் நகராது. சில இடங்களிற் புல்லும் பற்றையும் மூடியிருந்தன. வேறு சில இடங்களில் மனிதர் எறிந்த பிளாஸ்ரிக் போத்தல்கள், வெள்ளம் வந்து தம்மைக் கடலுக்கு எடுத்துச் செல்லட்டும் என்று காத்துக் கிடந்தன. ஈற்றில், வட்டுக்கோட்டைக்குக் கீழே, வயல்வெளியை ஊடறுத்து அராலியை நோக்கிச் செல்லும் பகுதியே தகுந்ததெனக் கண்டோம்.

வரம்பிலே நின்ற முதிய கமக்காரர் ஒருவர் எம் எண்ணத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “ஓடம் விடலாம், மாஸ்ரர். ஆனால் ஆத்தை விட்டு வயலுக்கை போகாதையுங்கோ. கட்டில்லாத கிணறுகள் கிடக்கு. வெள்ளம் மூடினால் கிணறெது, தரையெது எண்டு தெரியாது” என்றார். 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த பெருமழை எமக்கு நினைவுக்கு வந்தது. அன்று வயலும் தெருவும் குளமும் ஒன்றாய்க் கிடந்தன. அப்பெரியவரையே எமக்கு வழிகாட்டியாக வரும்படி கேட்டோம், இசைந்தார்.

ஆயத்தங்களையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டோம். பெருமழை பெய்த மறுநாள் இறங்குவதில்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்து, வெள்ளத்தின் வேகம் தணிந்தபின்பே இறங்குவது. ஆழம் பார்க்க நீண்ட மூங்கிற் கம்பு ஒன்று. நீந்தத் தெரிந்தவரும் மிதப்புச் சட்டை அணிவது. காலிற் புண்ணுள்ளவர் கரையில் நிற்பது. ஏனெனில் 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் இங்கு உயிர்களைக் கொண்டு சென்றதை மறத்தல் கூடாது. தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே கேட்பது. இவ்வாறு எழுதி முடித்து, பெருமையோடு இல்லாளிடம் நீட்டினோம்.

அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. சுவரிலே தொங்கிய பஞ்சாங்க நாட்காட்டியைப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, பெரியத்தான் நிக்கிற நாளெல்லாம் விரதம். மீனைப் பிடிச்சு என்ன செய்யப்போறியள்?”

உண்மைதான். கார்த்திகைப் பூரணை கழிந்ததும் பிள்ளையார் பெருங்கதை தொடங்கும், இருபத்தொரு நாள். அது முடிந்த கையோடு திருவெம்பாவை வரும். திருவாதிரை வரை பத்து நாள். எம் வீட்டில் அந்நாள்களில் மச்சம் அடுப்பேறுவதில்லை. தமையனாரோ திருவாதிரைக்கு மறுநாள் விமானம் ஏறவேண்டியவர்.

அன்றிரவே அவருக்குச் சொன்னோம். அவர் தளரவில்லை. “இஞ்சை பிடிச்சிட்டு விட்டிடுவினம். நாங்களும் அப்பிடிச் செய்வம். தின்னத்தானே கூடாது?” என்றார். அவ்வாதத்துக்கு உடனே எமக்கு விடை தோன்றவில்லை. படுத்தபின்பு தோன்றியது.

எமக்கு ஏழு வயதிருக்கும். தமையனார் வாழைக்குற்றிகளைப் பிணைத்துத் தெப்பம் கட்டி, எம்மை நடுவில் இருத்தி, இதே ஆற்றிலே தள்ளிக்கொண்டு போனார். கையிலே தூண்டில், சிரட்டையிலே மண்புழு. ஓரிடத்தில் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, செம்பாட்டு மண்ணைக் கரைத்து ஊற்றினாற்போல ஒரு சிவப்பு, கூட்டமாய் அசைந்தது. விராற் குஞ்சுகள்! அவற்றின் கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும் என்பதைத் தமையனார் அறிவார். தூண்டிலை வீச ஓங்கினார். அப்போது வரம்பில் நின்ற தந்தையார் குரல் கேட்டது:

“தம்பி, சுருட்டு. பிள்ளையளோடை நிக்கிற சீவனுக்குத் தூண்டில் போடாதை.”

எம் தந்தையார் மீனை வெறுத்தவர் அல்லர். மாசியில் ஆறு வற்றிக் குட்டைகள் சேறாகும்போது, கரப்பை எடுத்துக்கொண்டு முதலில் இறங்குபவரும் அவரே. அக்குட்டை எப்படியும் வற்றும். அம்மீன் எப்படியும் மடியும். மாரியிலோ விரால் தன் இனத்தைப் பெருக்குகிறது. காவல் மீனைச் சற்று நேரம் விலக்கினாலும் குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும். பிடித்து விட்டுவிடுவோம் என்ற வாதம் இவ்விடத்திற் செல்லாது. விரதங்கள் மீனுக்காக ஏற்பட்டவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஆறு ஓடும் மாதமும், மீன் குஞ்சு காக்கும் மாதமும், எம் அடுப்பு மச்சம் காணாத மாதமும் ஒன்றாகவே வந்து பொருந்துவதைக் காண, மனத்துக்கு இதமாயிருந்தது.

மறுநாள் தமையனாருக்கு அந்நிகழ்ச்சியை நினைவூட்டினோம். நெடுநேரம் மறுமொழி இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம்.

“அப்பு எந்த வரம்பிலை நிண்டவர் எண்டு உனக்குத் தெரியுமோ?” என்று கேட்டார்.

“தெரியும், அண்ணை.”

“அப்ப அவ்விடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. கம்பு ரண்டையும் கொண்டுவாறன், நீ வைச்சிரு. மாசியிலை குட்டை வத்தேக்கை பிடி.”

ஆகவே திட்டம் இவ்வாறு முடிவாயிற்று. மார்கழியில் ஓடம் மட்டும். மழை விட்டு மூன்றாம் நாட் காலை, வட்டுக்கோட்டைக்குக் கீழே இறங்கி, அராலிப் பக்கம் வரை. கட்டுச்சோறு மரக்கறியோடு. தூண்டில் மாசிக்கு. ஆயத்தப் பட்டியலில் ஒரு வரியை வெட்டி, ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டோம்: வரம்பிலே ஐந்து நிமிடம் நிற்றல்.

நேற்று மாலை மதகடிக்குப் போய்ப் பார்த்தோம். கணுக்கால் அளவு நீர் ஓடத் தொடங்கியிருந்தது.