அறுவடைக்கு முன்னும் பின்னும்

ஆய்வரங்குகளில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு: “வறியவர்கள் ஏன் தமக்கே தீங்கு விளைக்கும் பொருளாதார முடிவுகளை எடுக்கிறார்கள்?” அண்மையில் திருப்பதியில் நான் கலந்துகொண்ட ஒரு கருத்தரங்கிலும் அது எழுந்தது. அங்குச் சொல்லப்பட்ட விடைகள் இரண்டு. வறியவர்களின் சிந்தனைப் பாங்கு இன்றைய பொழுதை மட்டுமே நோக்குவது என்றார் ஒருவர். மூளையின் இயல்பிலேயே வேறுபாடு இருக்கக்கூடும் என்றார் மற்றொருவர். சந்திரகிரியை அடுத்த சிற்றூரில் கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவன் நான். முடிவெடுத்தலின் உளவியலே என் ஆய்வுப் பொருள். அந்த இரு விடைகளையும் கேட்டுவிட்டு எழுந்து வர முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

உயிரியலைக் கொண்டு சமூகத்தை விளக்கும் முயற்சிக்கு எங்கள் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாவதற்கு முன்பு சந்திரகிரி வட்டம் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்காலத்தில், 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், சென்னை மாகாணத்தின் பல பகுதிகளுக்கும் அளவுகருவிகளோடு சென்று மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. உடலை அளந்தால் குலத்தை வகைப்படுத்தலாம், குலத்தை அறிந்தால் மனிதரின் இயல்பைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அக்கால மானிடவியலில் ஊறிக்கிடந்தது. மூக்களவு அறிவியலை விட்டு நீங்கிவிட்டது. ஆனால் “இவர்கள் எப்படிப்பட்டவர்கள்?” என்று கேட்கும் பழக்கம் நீங்கவில்லை. கருத்தரங்கில் நான் கேட்ட விடைகள் அப்பழக்கத்தின் புதிய வடிவங்களாகவே எனக்குத் தோன்றின.

இந்த வினாவையே மாற்றிக் கேட்ட ஓர் ஆய்வு எங்கள் ஊருக்குத் தெற்கே, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் அது இடம்பெற்றது. 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை அவர்கள் தேர்ந்துகொண்டனர். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டிருக்கும். வெட்டு முடிந்து பணம் வந்ததும் மூச்சு விட முடியும். அதே உழவரை அறுவடைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் சோதித்தனர். அறுவடைக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். பின்பு 4 பேர். கடன் பட்டிருந்தவர்கள் முன்பு 99 விழுக்காடு. பின்பு 13 விழுக்காடு.

சோதனைகள் எழுத்தறிவைச் சார்ந்தவை அல்ல. ஒன்று, விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ரேவன் புதிர். மற்றொன்று, ‘5 5 5’ என்று காட்டினால் எண்ணைப் படிக்காமல் எத்தனை எண்கள் உள்ளன என்று பார்த்து ‘மூன்று’ என்று சொல்ல வேண்டிய சோதனை. பழக்கத்தால் நாவில் முந்தி வரும் விடையை அடக்கும் ஆற்றலை அது அளக்கிறது. ரேவன் புதிரில் அறுவடைக்கு முன்பு சராசரியாக 4.35 விடைகள் சரியாக இருந்தன, பின்பு 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 நொடி ஆயிற்று. பின்பு 131 நொடி. பிழைகளும் குறைந்தன. ஆலைகள் வெட்டு உத்தரவைப் பல மாதங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், மற்றவர் காத்திருப்பார். ஆகவே பருவநிலையைக் காரணம் காட்ட முடியாது. இரண்டாம் முறை செய்யும்போது வரும் பயிற்சிதான் காரணமோ என்று ஐயுறுவோருக்காக, ஒரு நூறு பேரை அறுவடைக்குப் பின்பே முதன்முறையாகச் சோதித்தனர். அவர்களும் தேர்ச்சியோடு செய்தனர்.

இந்த ஆய்வில் ஒப்பிடப்படுபவர் இருவர் அல்லர், ஒருவரே. அதே மூளை, அதே குலம், அதே கல்வி. மாறியது கையிருப்பும், அதனால் கவனத்தின் மீது விழுந்த சுமையும்தான். உயிரியல் இங்கே இல்லாமல் போகவில்லை. கவனம் என்பது உடலின் ஆற்றல், அளவுக்கு உட்பட்டது, ஓரிடத்தில் செலவானால் மற்றோரிடத்தில் குறைவது. ஆனால் அது பிறப்போடு வந்து நிலைத்துவிட்ட பண்பாக இங்கே நிற்கவில்லை. வந்துபோகும் நிலையாக நிற்கிறது.

என் தந்தையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். கொப்பரையில் பாகு கொதிக்கும்போது, நுரையின் நிறத்தைப் பார்த்தே எந்த நொடியில் இறக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர். வயல் வரப்பில் நின்றபடியே இந்தக் கரும்பில் இத்தனை அச்சு வெல்லம் வரும் என்று கணக்கிடுவார், பெரும்பாலும் பிசகாது. அவரே ஓர் ஆடி மாதத்தில், தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வெல்ல மண்டியில் முன்பணம் பெற்றார். மண்டிக்காரர் சொல்லும் விலைக்கே அந்த ஆண்டு வெல்லம் முழுவதையும் போடுவதாக ஒப்புக்கொண்டார். தை மாதத்தில் விலை ஏறியது. எங்களுக்கு அந்த ஏற்றம் கிட்டவில்லை. “உங்க அப்பாவுக்குக் கணக்கு பத்தாதுப்பா” என்று மாமா சொன்னார். உறவினர் பலரின் கருத்தும் அதுவே.

இந்த முடிவை ஆராய்ச்சியாளனாகப் பார்க்கும்போது இரண்டு விளக்கங்களைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. முதலாவது, வழியின்மை. கட்டணத்துக்குக் கடைசி நாள் இருந்தது. அம்மாவின் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. வங்கிக் கடன் அந்த நாளுக்குள் கிடைத்திராது. அப்படியிருக்க, முன்பணம் வாங்கியது பிழையான முடிவே அன்று. மகளின் படிப்பை விலையேற்றத்துக்கு மேலாக மதித்த ஒரு தெளிந்த முடிவு. இரண்டாவது, கவனச் சுமை. முன்பணம் வாங்கியே ஆக வேண்டும் என்றாலும், வெல்லம் முழுவதையும் கட்டிப்போடாமல் பாதியை மட்டும் கட்டலாம் என்று பேரம் பேசியிருக்க முடியும். மார்கழியில் என்றால் அப்பா அப்படித்தான் பேசியிருப்பார். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆடியில் அவர் பேசவில்லை. முதல் விளக்கத்தை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் பேசும் ஆய்வாளர், வறியவர் செய்வதையெல்லாம் பிழையாகக் காணத் தொடங்கிவிடுவார். அது தர்ஸ்டனின் அளவுகருவியை வேறு பெயரில் எடுத்துக்கொள்வதே ஆகும்.

எதிர்ச் சான்றுகளையும் மறைக்கக் கூடாது. கார்வாலோ, மையர், வாங் ஆகிய மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் குறைந்த வருவாய்க் குடும்பத்தினரைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்தனர். அறிதிறனில் வேறுபாடு தென்படவில்லை. மாதச் சம்பளத்துக்கு முந்தைய சில நாள்களின் நெருக்கடியும், ஓராண்டு காத்திருந்து வரும் கரும்புப் பணத்துக்கு முந்தைய நெருக்கடியும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஆயினும், வறுமை எங்கும் எப்போதும் ஒரே அளவில் அறிவைக் குறைக்கும் என்ற எளிய வாய்பாடு நிற்காது என்பதை அந்த ஆய்வு உணர்த்துகிறது.

உடலைப் பற்றிய எளிய வாய்பாடுகளும் நிற்பதில்லை. சென்னையில் குறைந்த வருவாய் உடைய 452 பேரிடம் நடந்த உறக்க ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்கள் எட்டு மணி நேரம் படுக்கையில் கழித்தும் உறங்கியது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே. வெப்பமும் இரைச்சலும் கொசுவும் நிறைந்த இரவுகள். இரவு உறக்கத்தை 27 நிமிடம் கூட்டிப் பார்த்தனர். உற்பத்தித் திறனிலோ முடிவெடுக்கும் திறனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் பணியிடத்தில் பிற்பகலில் சிறிது நேரம் கண்ணயர இடம் கொடுத்தபோது உற்பத்தித் திறனும் மனநலனும் அறிதிறனும் மேம்பட்டன. உறக்கத்தின் அளவைப் போலவே அதன் தரமும் நேரமும் கணக்கில் வருகின்றன போலும்.

இவற்றுள் என்னை மிகுதியும் தொட்டது ஒடிசாவில் நடந்த ஆய்வு. இலைத் தட்டுகள் செய்யும் கூலித் தொழிலாளர்களுள் ஒரு பகுதியினருக்கு, அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியையே சில நாள் முன்னதாகக் கொடுத்தனர். கூடுதலாக ஒரு காசும் இல்லை. பணம் கிடைத்தவர்கள் உடனே கடனை அடைத்தனர். வீட்டுக்கு வேண்டியதை வாங்கினர். அதன்பின் அவர்களது உற்பத்தி 7 விழுக்காடு உயர்ந்தது. கவனக் குறைவால் நேரும் பிழைகள் குறைந்தன.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு அந்தத் தொழிலாளர்கள் அயலார் அல்லர். எனக்கு உரிய உதவித்தொகை ஒருமுறை ஐந்து மாதங்கள் வராமல் நின்றது. அம்மாதங்களில் விடுதிக் கட்டணத்தையும், ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையையும், யாரிடம் எவ்வளவு கைமாற்று என்பதையும் மனம் ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. ஒரே பக்கத்தை மும்முறை படித்தும் பொருள் தங்கவில்லை. நிலுவை மொத்தமாக வந்த அடுத்த ஆறு வாரங்களில், ஆண்டு முழுதும் நகராத இயலை எழுதி முடித்தேன். ஒருவனின் அனுபவம் சான்றாகாது. ஆனால் அந்த ஐந்து மாதங்களில் என்னை மதிப்பிட்ட குழு, “ஆர்வம் குறைந்த மாணவர்” என்று குறிப்பு எழுதியது. என் நிலையை என் இயல்பாக அக்குறிப்பு பதிவு செய்துவிட்டது. அடுத்த ஆண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது அதுவே எனக்கு எதிராக எடுத்து வைக்கப்பட்டது.

ஆகவே இது கோட்பாட்டு விவாதம் மட்டும் அன்று. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும் என்கிறது. தாழ்த்தினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. அந்த வட்டி பணத்தின் இழப்பை ஈடுசெய்யலாம். காத்திருக்கும் மாதங்களில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுகளை அது ஈடுசெய்யாது. எங்கள் பகுதியில் பலர் கரும்பை ஆலைக்கு அனுப்பாமல் வெல்லமாகக் காய்ச்சுவதைக் குறுகிய நோக்கு என்று எழுதுவோர் உண்டு. கைக்கு உடனே பணம் வருவதன் மதிப்பை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

காலத்தைக் கருதித் திட்டம் வகுக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. மேற்குக் கென்யாவில் டுஃப்லோ, கிரமர், ராபின்சன் ஆகியோர், அறுவடை முடிந்து பணம் கையில் இருக்கும்போதே உரத்தை விற்று, வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவந்து தரும் சிறு சலுகையை அளித்தனர். பின்னாளில் உரத்தின் விலையைப் பாதியாகக் குறைப்பதற்கு ஒப்பான பயன் அதனால் விளைந்தது. உழவர்களுக்கு அறிவுரை சொல்லப்படவில்லை. கேட்கும் நாள்தான் மாற்றப்பட்டது. உதவித்தொகையை மாதந்தோறும் தவறாமல் தருவதும் அத்தகைய மாற்றமே. அதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வினாத்தாளில் சாதி, கல்வி, வருவாய் ஆகியவற்றுக்குக் கட்டம் ஒதுக்குகிறோம். இன்னும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்: நேர்காணல் நடந்த நாளில், இவர் கையில் கடைசியாகப் பணம் வந்து எத்தனை நாள் ஆயிற்று? அடுத்த பணம் வர இன்னும் எத்தனை நாள்? இந்த எண்கள் இல்லாமல் ஒருவரின் சிந்தனைப் பாங்கைப் பற்றி நாம் எழுதும் முடிவுரையில், எவ்வளவு அவருடைய இயல்பு, எவ்வளவு அவர் சிக்கியிருந்த மாதத்தின் சுமை என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது.