சக்கரம் தொங்குது தம்பி!

"வண்டி இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லா இருக்கும்." ஜீப் மாதிரி வண்டி வாங்கிய பலருக்கும் அடுத்து வருகிற ஆசை இது. கீழ்பென்னாத்தூர் பக்கம் அதற்குக் காரணமும் உண்டு. ஏரிக்கரை, கிணற்றடி, மல்லாட்டைக் கொல்லைக்குப் போகிற மண் பாதை. மழை பெய்தால் டிராக்டர் டயர் கிழித்துவிட்டுப் போன பள்ளம். அடி தட்டாமல் போக வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை.

அதற்கு மலிவான வழி ஸ்பேசர். முன்பக்க ஷாக் அப்சார்பருக்கு மேலே வைக்கிற தடித்த வட்டத் துண்டு, அவ்வளவுதான். 'ஒரு அங்குலத் துண்டுக்கு ஒரு அங்குலம் ஏறும்' என்று நினைப்பார்கள். ஆனால், தார் மாதிரி வண்டிகளில் ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் இருப்பதோ ஆர்மின் நுனியில். ஏற்ற மரம் அச்சுக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு சாண் அசைந்தால் நுனியில் இரண்டு சாண் அசையுமே, அந்தக் கணக்குதான். ஒரு அங்குலம் வைத்தால் வண்டி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறிவிடும்.

இந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் தன் தாருக்கு இப்படித்தான் துண்டு வைத்தார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. சில மாதங்களில், வண்டியைத் திருப்பும்போதெல்லாம் முன் சக்கரத்தில் 'டிக் டிக்' சத்தம். மெக்கானிக் ஜாக்கி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ வண்டியைத் தூக்கல. சக்கரத்தைக் கீழ தொங்க விட்டிருக்க."

"ஓர் அங்குலம்தானேண்ணே?"

"துண்டு ஓர் அங்குலம்தான். அதுக்குக் கீழ இருக்கிற சாமான் எல்லாம் கோணையா நிக்குது பாரு."

உண்மைதான். ஆர்ம்களின் நீளம் மாறவில்லை, நிற்கிற கோணம் மாறிவிட்டது. முன் ஆக்சில் அதிகச் சாய்வில் சுழல்கிறது. அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் உரசிக் கிழிகிறது. கிரீஸ் வெளியே தெறிக்க, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகின்றன. 'டிக் டிக்' என்றது அந்த மூட்டு தேய்ந்த சத்தம். மேட்டில் அடி வாங்கும்போது ரப்பர் ஸ்டாப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக் அப்சார்பர் அடிவரை அமுங்கி முட்டும். டை ராடு சாய்வதால் குழியில் இறங்கி ஏறும்போது ஸ்டீயரிங் தானாக இழுக்கும். அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஓரமாகத் தேயும்.

இதெல்லாம் பணத்தோடு போகும். பால் ஜாயின்ட் அப்படியல்ல. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது தன் எல்லையைத் தாண்டி வளைகிறது. என்றாவது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும், ஸ்டீயரிங்கால் பயனில்லை. செஞ்சி சாலையில், பின் சீட்டில் அம்மாவும் குழந்தையும் இருக்கும்போது அது நடந்தால்?

இன்னொன்று, தாரின் பின் ஆக்சில் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, எந்தத் துண்டு வைத்தாலும் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அந்த இளைஞர் துண்டைக் கழற்றிவிட்டார். பூட், மூட்டு மாற்றி அலைன்மென்ட் பார்த்தார். கொல்லைப் பாதையில் இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டிப் பள்ளத்தை மூடினார். இப்போது அந்த வழியில் வண்டி அடி தட்டாமல் போகிறது. பக்கத்துக் கொல்லைக்காரரின் மொபெட்டும்தான்.